பாளையில் தொக்கணம் படித்தவர்கள் யாராவது இருந்தால் ஒரு குரல் கொடுங்கள்

கொக்கிரகுளம்_94

வெள்ளையடிக்க ஆள் வருகிறார்கள் என்று பரணைக் காலி செய்துகொண்டிருந்தேன். பழைய வாரப்பத்திரிகைக் கட்டுக்கு அடியில் ஒரு நோட்டு. அட்டை எப்போதோ போய்விட்டது. முதல் பக்கத்தில் என் கையெழுத்தில், அடிக்கோடெல்லாம் போட்டு: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல். தொக்கணம், அதாவது சித்த மருத்துவத்தில் கையால் உடம்பைப் பிடித்துவிடுகிற முறை, ஒன்பது வகை. பக்கத்தின் ஓரத்தில் எண்ணெய் படிந்த ஒரு கட்டைவிரல் ரேகை. இத்தனை வருஷம் கழித்தும் மோந்து பார்த்தால் அந்த வாசனை வருகிறது. வீட்டில் நீட்டினேன். "தூசி வாடைதான் அடிக்கி" என்று சொல்லிவிட்டாள்.

நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் 1994ல் சேர்ந்தவன். புற மருத்துவம் எடுத்த சாரை யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? முதல் வகுப்பில் அவர் தொக்கணம் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மேசை மேல் ஒரு மிளகை வைத்து, நான்காக மடித்த வேட்டியால் மூடினார். "எங்க இருக்குன்னு விரலால பாரு" என்றார். சுலபமாக இருந்தது. அடுத்த வாரம் கடுகு, வேட்டி எட்டு மடிப்பு. அழுத்தித் தேடியவர்களுக்கு அகப்படவே இல்லை. அழுத்த அழுத்த விரல் மரத்துப்போகும், துணியின் மடிப்பெல்லாம் கடுகு மாதிரியே தட்டுப்படும். பைய வைத்து, கையின் கனத்தை மட்டும் விட்டவர்களுக்குக் கிடைத்தது.

மூன்றாவது வாரம் கசகசா. நாங்கள் நான்கு பேர் "இந்தா இருக்கு சார்" என்று காட்டினோம். சார் வேட்டியை எடுத்து உதறினார். ஒன்றும் விழவில்லை. அன்றைக்கு அவர் எதையுமே வைக்கவில்லை. திட்டவும் இல்லை. நான்கு பேர் பெயரையும் கரும்பலகையில் எழுதிவிட்டுப் போய்விட்டார். மதியச் சாப்பாடு வரைக்கும் யாரும் அழிக்கவில்லை. முதல் பெயர் என்னுடையது.

முக்கூடல்காரி

ஐயோ, கசகசா சார்! அவருக்கு வேறு பெயர் இருந்ததே எனக்கு மறந்துபோச்சு. நான் உங்களுக்கு மூன்று வருஷம் ஜூனியர் அண்ணாச்சி. எங்கள் வகுப்பில் விஷயம் முன்கூட்டியே தெரிந்துவிட்டது, யாரோ ஒரு சீனியர் சொல்லிவிட்டார். அதனால் எல்லாரும் "இல்லை சார்" என்றோம். அன்றைக்கு நிஜமாகவே வைத்திருந்தார்.

சாரல்_தென்காசி

சிரித்து முடியவில்லை. அடுத்த வருஷம் எங்களிடம் கசகசா என்று சொல்லிவிட்டு ரவையை வைத்தார்.

எனக்கு அந்தப் பயிற்சி அறையின் வாசனைதான் ஞாபகம். தரையில் வரிசையாகப் பத்தமடைப் பாய். கல்யாணத்துக்குக் கொடுக்கிற பட்டு மாதிரிப் பாய் இல்லை. முதுகில் கோடு கோடாகப் பதிகிற முரட்டுக் கோரை. ஒருவன் படுக்க, ஒருவன் பிடிக்க, அப்புறம் மாற்றிக்கொள்ள வேண்டும். "வாங்கத் தெரியாதவனுக்குக் குடுக்கத் தெரியாது" என்பார். மூலையில் ஸ்டோர் அண்ணாச்சி ஒரு வெண்கலக் கிண்ணத்தில் எண்ணெயைச் சூடு பண்ணிக் கொண்டுவந்து வைப்பார். அது காயத்திருமேனித் தைலம்தானே?

முக்கூடல்காரி

காயத்திருமேனியா? இல்லவே இல்லை. உளுந்துத் தைலம். எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டில் உளுத்தம்பருப்புச் சோறு வடிக்கும்போது வருமே, அந்த வாசனை அதில் இருந்தது.

கொக்கிரகுளம்_94

வாதகேசரித் தைலம் என்று நினைத்தேன். நோட்டில் எழுதி வைக்காமல் விட்டுவிட்டேன். கொஞ்சம் காரலாக இருக்கும், மூக்கில் ஏறும்.

மேலப்பாளையம்_பழைய_மாணவன்

நீங்கள் எல்லாம் பி.எஸ்.எம்.எஸ். என்கிற இப்போதைய சித்த மருத்துவப் பட்டம் வாங்கிய பிள்ளைகள். நான் அதற்கு முந்தைய பி.ஐ.எம். பட்டம் வாங்கியவன். கல்லூரி ஆரம்பித்தது 1964ல். நாங்கள் படிக்கும்போது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் பரம்பரை வைத்தியர்கள் இருந்தார்கள். ஒருவர் பாட்டாகத்தான் பாடம் நடத்துவார். கேள்வி கேட்டால் பதிலும் பாட்டாகத்தான் வரும். பரீட்சையில் உரைநடையில் எழுதினேன் என்று பாதி மதிப்பெண்தான் போட்டார்.

நாடி பார்க்கச் சொல்லித்தந்தது இன்றைக்கும் கையில் இருக்கிறது. ஆணுக்கு வலது கை, பெண்ணுக்கு இடது கை. சுட்டு விரலில் வாதம், நடு விரலில் பித்தம், மோதிர விரலில் கபம். ஒன்று, அரை, கால் என்கிற அளவில் ஓட வேண்டும். முதல் ஆறு மாதம் எனக்கு மூன்று விரலிலும் ஒரே துடிப்புதான் தெரிந்தது. வாத்தியாரிடம் உண்மையைச் சொன்னேன். "அப்படியா, நல்லது. தெரிஞ்ச மாதிரி நடிக்கிறவனுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது" என்றார். உங்கள் கசகசா சார் அவரிடம் படித்தவராக இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

எண்ணெய் விவகாரத்தில் நான் தலையிடவில்லை. எங்கள் காலத்தில் பயிற்சிக்கு எண்ணெயே கிடையாது. வெறுங்கைதான்.

வீரவநல்லூரான்_லண்டன்

அண்ணாச்சிமார்களே, அக்காமார்களே, வணக்கம். நான் 2001ல் சேர்ந்தவன். கசகசா சாருக்கு அது கடைசிக் காலம். பிற்பாடு லண்டனுக்கு வந்து இன்னொரு தடவை முதல் வருஷத்திலிருந்து ஆரம்பித்து ஆஸ்டியோபதி படித்தேன். இங்கே பிழைப்பு அதுதான். மருந்து எழுதும் உரிமை எங்களுக்குக் கிடையாது. கையால் பார்க்கிறது, கையால் சரிசெய்கிறது, அவ்வளவுதான். அமெரிக்காவில் கதை வேறு. அங்கே டி.ஓ. என்கிற ஆஸ்டியோபதிப் பட்டம் என்றால் முழு மருத்துவர், அறுவை சிகிச்சை வரைக்கும் செய்யலாம். ஒரே விதையில் முளைத்த இரண்டு மரம்.

அந்த விதையைப் போட்டவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். 1864ல் மூளைக்காய்ச்சலில் மூன்று பிள்ளைகளைச் சில நாள் இடைவெளியில் பறிகொடுத்தவர். அன்றைய மருந்துகள் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை அதோடு போனது. 1874ல் தன் புது வழியை அறிவித்தார். ஊர் ஊராகப் போய் எலும்பு ஒட்டுகிறவர் என்று விளம்பரம் செய்துகொண்டு பிழைத்த காலமும் உண்டு. 1892ல் மிசௌரி மாநிலத்தில் கெர்க்ஸ்வில் என்ற சின்ன ஊரில் பள்ளிக்கூடம் தொடங்கியபோது முதல் வகுப்பிலேயே பெண்களும் இருந்தார்கள். இதையெல்லாம் முதல் வருஷப் பாடமாக நடத்தினார்கள். எனக்கு என்னவோ நம்ம ஊர்ப்பக்கத்துக் கட்டு வைத்தியர் ஒருவர் கோட்டு போட்டு நிற்கிற மாதிரியே இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். லண்டனில் முதல் மாதமே மேசையில் டெலிபோன் டைரக்டரியை வைத்தார்கள். ஒரு தலைமுடியைப் பிடுங்கி ஒரு தாளுக்கு அடியில் வைக்க வேண்டும். கண்ணை மூடி விரலால் கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம் இரண்டு தாள், மூன்று தாள் என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறாய் என்று அந்த அம்மா கேட்டார், ஐம்பது வயதிருக்கும், கை மட்டும் எப்போதும் சூடாக இருக்கும். கசகசா கதையைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் எல்லாரையும் ஏழு தாள் வரைக்கும் கொண்டுபோய்விட்டு, எட்டாவதில் முடியை எடுத்துவிட்டார்.

ஆறு பேர் கண்டுபிடித்தார்கள்.

முக்கூடல்காரி

தம்பி, நீ வீரவநல்லூரில் எந்தத் தெரு? எங்கள் சித்தி வீடு அங்கேதான்.

நீட்டி_மடக்கு

இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் சித்தா படித்தவன் இல்லை, பிசியோதெரபிஸ்ட். பதினாறு வருஷமாகத் திருநெல்வேலியில் தொழில். பழைய கதை படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டு பேர் ஒரே முதுகைத் தொட்டுப் பார்த்துச் சொல்கிற முடிவு பல ஆய்வுகளில் ஒத்துப்போவதில்லை. ஆஸ்டியோபதியில் மண்டையோட்டு எலும்பெல்லாம் தாளம் போட்டு அசைகிறது, அதைக் கையால் உணர்கிறோம் என்று ஒரு பிரிவே இருக்கிறது. ஒருவர் எண்ணியது இன்னொருவர் எண்ணியதோடு சேரவில்லை. உங்கள் சார் காட்டியதும் அதுதானே? விரல் பொய் சொல்லும்.

எலும்பு முறிவுக்கு நாட்டுக்கட்டு போட்டுக்கொண்டு கை கறுத்துப்போய் வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஏக்கமாக எழுதும்போது அதையும் சேர்த்து எழுதுங்கள்.

சாரல்_தென்காசி

வந்துட்டாரு ஐயா.

வீரவநல்லூரான்_லண்டன்

அப்படிச் சொல்லாதீர்கள் அக்கா, அவர் சொல்வது சரிதான். மண்டையோட்டு ஆஸ்டியோபதியை எங்களுக்கு ஒரு ஆசிரியர் கண்ணில் நீர் தளும்ப நடத்தினார். அடுத்த மணி நேரம் வந்த உடற்கூறு ஆசிரியர், வளர்ந்தவர் மண்டையோட்டை எடுத்து மேசையில் தட்டிக் காட்டி, "எங்கே அசைகிறது, காட்டுங்கள்" என்றார். நான் இரண்டாவது ஆள் கட்சி. முதல் ஆசிரியர் கையில் நோயாளிகள் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள் என்பதும் நிஜம். அது வேறு கணக்கு.

கழுத்துச் சொடக்கு பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூட்டுக்குள் இருக்கிற திரவத்தில் வாயுக்குமிழி உண்டாகிற சத்தம்தான் அது. எலும்பு இடத்துக்கு வந்து உட்காருகிற சத்தம் இல்லை. எங்களுக்கு அதைச் செய்யும் முறையைச் சொல்லித்தந்ததைவிட எப்போது செய்யக் கூடாது என்று சொன்னதுதான் அதிக நேரம். கழுத்தெலும்பு வழியாக மூளைக்குப் போகிற தமனி கிழிந்தால் பக்கவாதம் வரைக்கும் போகும். ஊருக்கு வந்தால் சலூனில் முடி வெட்டி முடித்து, கேட்காமலே தலையை இரண்டு பக்கமும் திருகி விடுகிறார்களே, எனக்கு உயிர் போய் உயிர் வரும். போன தடவை ஜங்ஷனில் ஒரு கடையில் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவர் என்ன நினைத்தாரோ, இருபது ரூபாய் குறைத்து வாங்கினார்.

முக்கூடல்காரி

நீட்டி மடக்கு சாருக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான்தான். இதை இதுவரைக்கும் எங்கேயும் எழுதியதில்லை.

படிப்பு முடிந்த புதிது. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமத்தில் வயதான கட்டு வைத்தியர் ஒருவரிடம் மூன்று மாதம் கூட இருந்து பார்த்தேன். கசகசா சார்தான் அனுப்பினார். முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துப் பற்று, அதன் மேல் துணி, அதன் மேல் சீவிய மூங்கில் தப்பை, அப்புறம் கட்டு. பெரியவர் கட்டும்போது ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே நோயாளியிடம் என்ன சாப்பிட்ட, எந்த ஊரு என்று பேசிக்கொண்டே இருப்பார். வெட்டிப்பேச்சு என்று நினைத்தேன். முகத்தைப் பார்ப்பதற்காகப் பேசுகிறார் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

ஒருநாள் பெரியவர் திருமண வீட்டுக்குப் போயிருந்தார். ஒரு ஒன்பது வயதுப் பையன், பனைமரத்தடியில் விழுந்து முன்கை வீங்கிப்போய் வந்தான். நான் கட்டினேன். அழகாகக் கட்டினேன், புகைப்படம் எடுத்து வைக்கலாம் போல. பையன் அழுதான், வலி இருக்கத்தானே செய்யும் என்று அனுப்பிவிட்டேன். சாயங்காலம் பெரியவர் வந்து, கேட்டுவிட்டு, சட்டையைக்கூட மாற்றாமல் சைக்கிளை எடுத்தார். நான் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். அந்த வீட்டுத் திண்ணையில் பையன் நகத்தை அழுத்தினார். வெளுத்தது. விட்டார். இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்பி வரவேண்டும். வரவில்லை. மடங்கிக் கிடந்த நடு விரலை லேசாக நீட்டினார், பையன் கத்தின கத்தல் இன்றைக்கும் காதில் இருக்கிறது. அரிவாள்மணை கொண்டுவரச் சொல்லி மொத்தக் கட்டையும் அங்கேயே அறுத்தார். அப்புறம் வாடகைக் கார் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார், கூடவே போகச் சொன்னார் என்னை. கை தப்பித்தது.

வீங்கிக்கொண்டிருக்கிற கையில் சுற்றி வளைத்து இறுக்கினால் உள்ளே ரத்தம் ஓடாமல் தசை சில மணி நேரத்திலேயே செத்துப்போகும். பாடத்தில் படித்தவள்தான் நான், பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவள். நகத்தை அழுத்திப் பார்க்கத் தோன்றவில்லை. இன்றைக்கு என்னிடம் முறிவு என்று யார் வந்தாலும் முதலில் எக்ஸ்ரே. முறிவு என்றால் எலும்பு மருத்துவரிடம்தான் அனுப்புகிறேன். பக்கத்துத் தெருக்காரர்கள் "சித்த டாக்டரு, ஆனா கட்டுப் போடமாட்டாளாம்" என்று பேசுவது தெரியும். பேசட்டும்.

நீட்டி_மடக்கு

அக்கா, எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அந்தப் பெரியவருக்கு ஒரு கும்பிடு.

மேலப்பாளையம்_பழைய_மாணவன்

இதை எழுதியதற்கு நன்றி அம்மா. எங்கள் காலத்தில் தவறை வெளியே சொன்னால் வைத்தியத்துக்கே கெட்ட பெயர் என்று மூடிவிடுவோம். மூடி மூடித்தான் இவ்வளவு கெட்ட பெயர்.

சாரல்_தென்காசி

கொஞ்சம் இலேசான விஷயத்துக்கு வருவோமா?

முதல் வருஷம் எலும்பு வாங்கிய கதை எல்லாருக்கும் இருக்கும். நான் ஒரு சீனியர் அக்காவிடம் பாதி எலும்புக்கூடு வாங்கினேன், சாக்குப் பையில் போட்டுக் கொடுத்தாள். மணிக்கட்டு எலும்பு எட்டும் பொடியாக இருக்குமே, தொலைந்துபோகும் என்று அல்வா டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். லீவுக்கு ஊருக்குப் போனபோது பையை நடுவீட்டில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். மாமா திருநெல்வேலியில் இருந்து பிள்ளை அல்வா வாங்கி வந்திருக்கிறாள் என்று ஆசையாக டப்பாவைத் திறந்திருக்கிறார்.

அவர் அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அல்வா தொட்டதில்லை. அது பதினைந்து வருஷத்துக்கு முந்தி அவர் காலமாகிற வரைக்கும்.

கொக்கிரகுளம்_94

எங்கள் விடுதியில் ஒருவன் நெய்க்குறி பார்க்கிறேன் என்று காலையில் எழுந்து யார் யாரிடமோ கெஞ்சிக்கொண்டு திரிவான். நோயைக் கணிக்க, விடியற்காலைச் சிறுநீரைக் கண்ணாடிக் கிண்ணத்தில் பிடித்து, வெயிலில் வைத்து, ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட வேண்டும். பாம்பு மாதிரி நீண்டால் வாதம், மோதிரம் மாதிரி வளைந்தால் பித்தம், முத்து மாதிரி நின்றால் கபம். இருபத்து மூன்று பேருக்குப் பார்த்து அட்டவணை போட்டான். எல்லாருக்கும் முத்து. கடைசியில் பார்த்தால் அவன் விட்டது நல்லெண்ணெய் இல்லை, மெஸ்ஸில் இருந்து எடுத்து வந்த தேங்காய் எண்ணெய். மார்கழி மாதம் வேறு. உறைந்துபோய்ச் சொட்டாகவே நின்றிருக்கிறது.

வீரவநல்லூரான்_லண்டன்

அண்ணாச்சி, அது யாரென்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். இப்போது பெரிய ஆளாக இருக்கிறார்.

கொக்கிரகுளம்_94

பெயர் சொல்லாதே தம்பி. குற்றாலத்தில் சீசனுக்குச் சீசன் சந்திக்கிறோம்.

சாரல்_தென்காசி

மூலிகைச் சுற்றுலாவை யாருமே எழுதவில்லையே. பாபநாசம் மேலே காரையார் வரைக்கும் வண்டி, அப்புறம் நடை. குணபாடம், அதாவது மருந்துச் சரக்குகள் பற்றிய பாடம், எடுத்த மேடம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஏறுவார். ஒரு இலையைக் கிள்ளிக் கையில் தேய்த்து முகத்துக்கு நேரே நீட்டுவார், கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வேண்டும். நொச்சியும் ஆடாதோடையும் எனக்கு எப்படியும் வந்துவிடும். சிறியாநங்கையைக் கண்டுபிடிக்க ஒரே வழி தின்று பார்ப்பதுதான், கசப்பு அன்று முழுக்க நாக்கில் நிற்கும். அந்தக் கசப்போடு வாழையிலைப் புளிச்சோறு சாப்பிட்டால், ஆகா.

பொதிகை மேல் அகத்தியர் இருக்கிறார் என்று சொன்னால் மேடம் "இருக்கட்டும், நீ முதல்ல இலையைப் பாரு" என்பார்.

வீரவநல்லூரான்_லண்டன்

வர்மம், அதாவது உடம்பின் உயிர்நிலைகளைத் தொட்டுச் செய்கிற வித்தை, யாராவது ஆசானிடம் போய்ப் படித்தீர்களா? படுவர்மம் பன்னிரண்டு, தொடுவர்மம் தொண்ணூற்றாறு என்று நூற்றெட்டையும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோம். கையில் எத்தனை தங்கியது என்பது வேறு. நான் விளவங்கோடு பக்கம் ஒரு ஆசானிடம் ஒரு கோடை விடுமுறை போனேன். இரண்டு மாதமும் அவர் என்னை எண்ணெய் தேய்த்து விடத்தான் வைத்தார். ஒரே ஒருநாள், ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்கு, என் தோளில் ஓரிடத்தைத் தொட்டு "கால் மாத்திரை" என்றார், மாத்திரை என்பது அழுத்தத்தின் அளவு. சும்மா ஈ உட்கார்ந்த மாதிரி. அதே இடத்தில் "அரை" என்றார். எனக்குக் கை முழங்கை வரைக்கும் சிலிர்த்தது. "ஒண்ணு என்னன்னு கேக்காதே" என்றார். கேட்கவில்லை.

லண்டனில் அழுத்தத்தின் அளவைச் சொல்லித்தர ஒரு சமையலறைத் தராசைக் கொண்டுவந்து வைத்தார்கள். நூறு கிராம், இருநூறு கிராம் என்று கட்டைவிரலால் அழுத்திப் பழக வேண்டும். எனக்குத் தராசு பிடித்திருந்தது. யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது.

நீட்டி_மடக்கு

தராசுக்கு என் ஓட்டு.

மேலப்பாளையம்_பழைய_மாணவன்

எனக்கு இரண்டும் வேண்டும். தராசில் நூறு கிராம் சரியாக வரும். எதிரே படுத்திருக்கிறவன் மூச்சை இழுத்துப் பிடித்திருக்கிறானா விட்டுவிட்டானா என்று தராசு சொல்லாது.

முக்கூடல்காரி

சரி, எண்ணெய்க்கு வாருங்கள். உளுந்துத் தைலம் என்று ஒத்துக்கொள்கிறீர்களா இல்லையா?

சாரல்_தென்காசி

காயத்திருமேனி. செத்தாலும் மாற மாட்டேன். இப்போதுகூட அந்தத் தைலப் புட்டியைத் திறந்தால் எனக்கு அந்த அறை, அந்தப் பாய், மேலே சுற்றாத மின்விசிறி எல்லாம் வந்துவிடும்.

கொக்கிரகுளம்_94

வாதகேசரி. நோட்டு என் கையில் இருக்கிறது. மோந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஓமப்பொடி

எல்லாருக்கும் வணக்கம். நான் டாக்டர் இல்லை. நீங்கள் எல்லாரும் ஸ்டோர் அண்ணாச்சி என்று சொல்கிறவரின் மகள். என் பிள்ளை இந்த இழையைக் காட்டினான். நேற்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்தேன். அப்பா இப்போது இல்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே அங்கேதான் வருவேன், அப்பாவோடு சேர்ந்து வீட்டுக்குப் போகலாம் என்று. அதனால் அந்த எண்ணெய் காய்ச்சியதைப் பார்த்திருக்கிறேன். தைலங்கள் எல்லாம் நோயாளிகளுக்கு. கணக்கு எழுதித்தான் எடுக்க முடியும். பிள்ளைகள் பிடித்துப் பழக அதை எடுத்துக் கொடுக்க முடியாது என்று சாரும் அப்பாவும் பேசிவைத்துக்கொண்டார்கள். நீங்கள் தேய்த்தது மேலப்பாளையத்தில் செக்கில் ஆட்டிய சாதா நல்லெண்ணெய். வெறும் எண்ணெய் என்றால் பிள்ளைகள் விளையாட்டாக எடுத்துக்கொள்வார்கள் என்று அப்பா அதில் ஓமம் போட்டுக் காய்ச்சுவார். வேறு ஒன்றும் கிடையாது.

யாராவது வந்து "அண்ணாச்சி, இது என்ன தைலம்?" என்று கேட்டால் அப்பா "நீயே சொல்லு" என்பாராம். ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்களாம். வீட்டுக்கு வந்து சிரிப்பார். சாரிடமும் சொல்வார். சாரும் சிரிப்பார்.

வீரவநல்லூரான்_லண்டன்

!!!!!

நீட்டி_மடக்கு

நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்றால் சொல்லவில்லைதான்.

முக்கூடல்காரி

எனக்கு உளுத்தம்பருப்புச் சோற்று வாசனை வந்ததே அம்மா!

சாரல்_தென்காசி

கரும்பலகையில் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். மதியம் வரைக்கும் இருக்கட்டும்.

கொக்கிரகுளம்_94

எனக்கு இது இரண்டாவது தடவை.

அம்மா, உங்கள் அப்பா எங்களுக்கு இன்னொன்றும் செய்வார், உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. கிண்ணத்தை வைப்பதற்கு முன்னால் தன் முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார், சூடு அதிகமா என்று. ஒவ்வொரு கிண்ணத்துக்கும். நாங்கள் பத்துப் பேர் என்றால் பத்துச் சொட்டு. இன்றைக்கும் நோயாளிக்கு எண்ணெய் வைக்கும்போது என் முழங்கைதான் முதலில் போகிறது. அதைச் சார் சொல்லித்தந்ததாகவே இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது எழுத உட்கார்ந்தபோதுதான் உங்கள் அப்பா முகம் வருகிறது.

ஓமப்பொடி

தெரியும் அண்ணாச்சி. அந்த இடத்தில் அப்பாவுக்கு முடியே முளைக்காது.

சாரல்_தென்காசி

அக்கா, ஒரு லிட்டருக்கு ஓமம் எவ்வளவு போடுவார்? எனக்கு வேண்டும். காரணம் கேட்காதீர்கள்.

ஓமப்பொடி

அப்பா கைக்கு ஒரு கைப்பிடி. என் கைக்கு ஒன்றரை.